உழைச்செல்வானுக்கு உரிய பங்கு

பிணி இருவகைத்து. வந்து நீங்குவது ஒன்று. வந்து தங்கிவிடுவது மற்றொன்று. காய்ச்சலும் எலும்பு முறிவும் முன்னதைச் சார்ந்தன. பாரிசவாதமும், மூப்பினால் நேரும் அறிவு மயக்கமும், எழுந்து நடக்கவொட்டாத தளர்ச்சியும் பின்னதைச் சார்ந்தன. முன்னதற்கு வேண்டுபவன் மருத்துவன். பின்னதற்கு மருத்துவனினும் மிகுதியாக வேண்டப்படுவது, நாடோறும் நீராட்டி, உணவூட்டி, படுக்கையிற் புரட்டிவிட்டு, இரவில் விழித்திருக்கும் ஓர் ஆள். திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து பணிசெய்யும் உழைச்செல்வானையும் நாலாம் உறுப்பாக வைத்து எண்ணினார். தமிழ் பயிலும் நாமோ இதனைப் பரீட்சைக்காகப் படித்து அவ்வளவில் விட்டுவிடுகின்றோம். இக்காலத்து அரசாங்கங்கள் மருத்துவத்தின் பொருட்டுச் செய்துள்ள ஏற்பாடுகளை நோக்குங்கால், முதல் மூன்று உறுப்புக்களுக்கும் பொருள் ஒதுக்கி நாலாவதை விட்டுவிட்டமை புலனாகும். அறியாமையால் விட்டனவென்று சொல்லுதற்கும் இல்லை. ஆராய்ந்து அறிந்த பின்னரும் விட்டன என்பதே ஈண்டு நாம் கூற வந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செய்தி இதற்குத் தக்க சான்று. 1965-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன், மிஸௌரி மாகாணத்து இண்டிபெண்டென்ஸ் நகரிலே, முன்னாள் ஜனாதிபதி ட்ரூமனை அருகே இருத்திக்கொண்டு ஒரு சட்டத்திற்குக் கையொப்பமிட்டார். அதனால் இரண்டு திட்டங்கள் தோன்றின. மெடிகேர் என்பது அறுபத்தைந்து வயது நிரம்பியோர்க்கு உரிய மருத்துவ இன்ஷூரன்ஸ். மெடிகெய்டு என்பது வறியோர்க்கு உரிய உதவி. மெடிகேர் வைத்தியசாலைச் செலவை ஏற்கும். சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வைத்தியசாலையினின்று வெளிவந்தோர் தேர்ந்த தாதியருள்ள விடுதியில் தங்குதற்கும் நூறு நாள் வரையில் உதவும். நூற்றோராம் நாள் நோயாளி எழுந்து நடந்துவிடுவார் என்பது சட்டம் இயற்றினோர் கருத்துப் போலும்! அவர் எழாவிடின் மெடிகெய்டு ஏற்கும். ஆனால் அது வறியோர்க்கு உரியதாகலின், வாழ்நாளெல்லாம் ஈட்டிய பொருளைச் செலவிட்டு வறியரான பின்னரே அதன் வாயில் திறக்கும். சிக்கனமாய் வாழ்ந்து சிறிது சேர்த்தவரே இதனால் மிக வருந்துவர்.

இன்ஷூரன்ஸ் எவ்வளவு கொடுத்தல் தகும் என்று அறிய அவ்வரசாங்கத்தார் ஒரு பெருஞ் சோதனை செய்வித்தனர். ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார், பொருளியல் அறிஞர் ஜோஸப் நியூஹவுஸின் தலைமையில், 1974 முதல் 1982 வரை ஆறு இடங்களில் ஏறத்தாழ 2,750 குடும்பங்களைத் திட்டத்திற் சேர்த்தனர். நம் முன்னோர் குடவோலையிட்டுச் சபையோரைத் தேர்ந்ததுபோல, சீட்டுக் குலுக்கும் முறையால் சிலர்க்கு மருத்துவம் முற்றும் இலவசமாகவும், சிலர்க்கு ஒரு பங்கைத் தாமே கொடுக்குமாறும் வகுத்தனர். கைப்பொருள் கொடுக்க நேர்ந்தோர் மருத்துவரை நாடுவதைக் குறைத்துக்கொண்டனர். பெரும்பாலார்க்கு அதனால் உடல்நலம் குன்றவில்லை. ஆயின் வறுமையும் நோயும் ஒருங்கே உடையோர்க்கு, சிறப்பாக இரத்த அழுத்தம் மிக்கோர்க்கு, இலவச மருத்துவமே நலம் பயந்தது. இம்முடிவின் முற்பாதியை எடுத்துரைப்பார் பலர். பிற்பாதியை எடுத்துரைப்பார் சிலர். அது நிற்க. முதியோர் அச்சோதனையிற் சேர்க்கப்படவில்லை என்பதே நமக்கு இங்கு வேண்டுவது.

முதியோர்க்கென்றே செய்யப்பட்ட சோதனை, வழிப்படுத்தல் என்று பொருள்படும் ‘சானலிங்’ என்னும் பெயரால் 1980-இல் தொடங்கப்பெற்றது. 1985 வரையில் பத்து மாகாணங்களில், மாகாணத்துக்கு ஓரிடமாக நடைபெற்றது. பால்டிமோர், ஹூஸ்டன், மயாமி, பிலடெல்பியா போன்ற பெருநகரங்களும், கெண்டக்கியின் கீழ்ப்பகுதி போன்ற நாட்டுப்புறங்களும் அவற்றுள் அடங்கும். ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தளர்ந்த முதியோர், பெரும்பாலும் எண்பதையடுத்த வயதினர், அதிற் சேர்ந்தனர். இங்கும் குலுக்குச் சீட்டே அவர்களை இருவகுப்பாகப் பிரித்தது. ஒரு வகுப்பாரின் இல்லத்துக்கு ஓர் அலுவலர் நேரிற் சென்று, எதனைத் தாமே செய்ய வல்லர், எதற்குப் பிறர் கை வேண்டும் என்று பார்த்து எழுதிக்கொண்டு, சமையல், நீராட்டு, வீட்டுப்பணி ஆகியவற்றுக்கு ஆள் ஏற்படுத்துவார். பின்னரும் அவ்வப்போது சென்று விசாரிப்பார். மற்றை வகுப்பார் ஊரில் வழக்கமாக உள்ள உதவிகளோடு விடப்பட்டனர். முதியோர் விடுதிக்கு ஆகும் செலவு மிகப் பெரிது. இல்லத்திலேயே பணிவிடை கிடைப்பின் விடுதிக்குச் செல்வார் தொகை குறையும். அதனால் அரசாங்கத்துக்குப் பணம் மிஞ்சும். இதுவே திட்டத்தின் கணக்கு.

கணக்குப் பொய்த்தது. விடுதிக்குச் சென்றோர் தொகை குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. மொத்தச் செலவு ஏறியது. ஆயினும் உதவி பெற்ற முதியோரின் தீராக் குறைகள் குறைந்தன. அவரும் அவரைப் பேணிய உறவினரும் முன்னினும் மனநிறைவு எய்தினர். விடுதிக்குச் செல்வார் தொகை ஏன் குறையவில்லை என்று ஆராய்ந்தபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. உதவி பெறாத வகுப்பாருள்ளும் விடுதிக்குச் சென்றோர் சிலரே! நடக்கவியலாதவர், தாமே உண்ணவியலாதவர் ஆகிய இவரெல்லாம் அரசாங்கத்தின் உதவியின்றியே வீட்டில் எவ்வாறு இருந்தனர்? மனைவி இருந்தாள்; மகள் இருந்தாள்; சிலர்க்கு மருமகள் இருந்தாள். அரசாங்கத்தார் மிச்சப்படுத்தக் கருதிய பணத்தை அப்பெண்டிர் முன்னரே மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டனர். ஒருமுறை மிஞ்சிய பணம் மறுமுறையும் மிஞ்சுமோ?

நம் கருத்து வேறுபடும் இடம் இதுவே. சானலிங் சோதனை தோற்றதென்று எழுதுவார் உளர். பணம் மிஞ்சுமா என்னும் வினாவுக்கு ‘இல்லை’ என்பது விடையாயின், தோற்றது அந்த வினாவேயன்றிப் பணிவிடையன்று என்று நாம் கருதுகின்றோம். கண்புரையை அறுத்து நீக்கும் மருத்துவரிடம், இதனால் அரசாங்கத்துக்கு மிச்சம் யாது என்று எவரும் கேட்பதில்லை. பார்வை வந்ததா என்றே கேட்கின்றனர். படுக்கையிற் கிடப்பவரைச் சுத்தமாக வைத்திருக்கும் பணிக்கு மட்டும், தன் செலவைத் தானே ஈட்டித் தருக என்று நிபந்தனை விதிப்பது எந்த நீதி? அப்பணியைக் கூலியின்றிச் செய்வார் வீட்டில் இருக்கின்றனர் என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

புறத்தாரைக் கொண்டு பணிவிடை செய்வித்தால் மக்கள் பெற்றோரைக் கைவிடுவர் என்பது பெரியோர் பலர் சொல்லும் தடை. அத்தடையை நாம் எளிதாக எண்ணவில்லை. நம் வீடுகளிலும் அவ்வச்சம் உண்டு. ஆயின் அச்சத்துக்கு விடை ஆராய்ச்சியில் இருக்கின்றது. கூலியாள் வந்த வீடுகளில் உறவினர் தம் பணியிலிருந்து பெரிதும் விலகிவிடவில்லை என்பதும் அச்சோதனையின் முடிவுகளுள் ஒன்று. பின்னர் 1998 முதல் ஆர்க்கன்ஸாஸ், நியூஜெர்ஸி, பிளாரிடா என்னும் மூன்று மாகாணங்களில் வேறொரு சோதனை செய்தனர். ஆள் அனுப்புவதற்குப் பதிலாக, பணிவிடைக்குரிய தொகையை மெடிகெய்டு உதவி பெறுவார் கையிலேயே கொடுத்து, வேண்டியவரை நீரே வைத்துக்கொள்க என்றனர். பலர் தம் உறவினரையே வைத்துக்கொண்டனர். அங்கும் குறைகள் குறைந்தன, நிறைவு மிகுந்தது, உடல்நலம் கெடவில்லை, பேணுவாரின் மனச்சுமையும் இறங்கியது. மகளுக்குக் கூலி கொடுத்தால் அன்பு விலைப்பொருளாகிவிடும் என்று அஞ்சுவோர், கூலிவேலையை விட்டுவிட்டுத் தந்தையின் கட்டிலருகே இருக்கும் மகள் மாலையில் எதைக் கொண்டு அடுப்பெரிப்பாள் என்பதையும் சற்று எண்ணுவாராக.

இனி, பணம் எங்கிருந்து வரும்? இதற்கும் அந்நாட்டார் பட்டறிந்த விடை ஒன்று உண்டு. 2010-இல் இயற்றிய பெரிய மருத்துவச் சட்டத்தில், விரும்புவோர் மட்டும் சந்தா செலுத்தி நெடுநாட் பணிவிடைக்கு இன்ஷூரன்ஸ் பெறும் ஏற்பாடு ஒன்றையும் சேர்த்தனர். அரசாங்கக் கணக்கர் கூட்டியும் கழித்தும் பார்த்தனர். விரும்புவோர் மட்டும் சேர்வதாயின் நோய் வருமென்று அஞ்சுவோரே மிகுதியாகச் சேர்வர், அதனால் சந்தா ஏறும், ஏறவே நலமுடையோர் விலகுவர், மேலும் ஏறும். இது நில்லாது என்று கண்டு, 2011 அக்டோபரில் அதனை நடத்த வழியில்லையென்று சுகாதார மந்திரியே அறிவித்தார். 2013 ஜனவரியில் அப்பகுதி நீக்கப்பட்டது. மாறாக, ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் தொடங்கிய காப்பீடுகள் கட்டாயமானவை. அவை நிலைத்திருக்கின்றன. ஜப்பானில் நாற்பது வயதானோர் யாவரும் சந்தா செலுத்துவர். ஜெர்மனியில் பணிவிடையாளைப் பெறலாம், அன்றிப் பணமாகவும் பெறலாம். ஜப்பானியரோ பணம் கொடுத்தால் மருமகள்மாரை அப்பணியிலேயே கட்டிவைத்ததாகும் என்று வாதித்து, ஆளுதவியையே ஏற்படுத்தினர். இரண்டுள் எது சிறந்தது என்பதில் நம்முள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. கட்டாயம் வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. வாஷிங்டன் மாகாணத்தார் 2023 ஜூலை முதல் ஊதியத்தினின்று சிறுபங்கைக் கட்டாயமாகப் பிடித்து வருகின்றனர். விரும்புவோர் மட்டும் செலுத்துமாறு அதனை மாற்றுக என்னும் முறையீடு 2024 நவம்பரில் வாக்குக்கு வந்தபோது, அம்மாகாணத்து மக்களே அதனை மறுத்தனர்.

இவையெல்லாம் செல்வ நாட்டுச் செய்திகள் என்று ஒதுக்குதற்கில்லை. அமெரிக்காவில் முதியோரைப் பல்லாண்டு தொடர்ந்து விசாரித்துவரும் ஆராய்ச்சியை மாதிரியாகக் கொண்டு, நம் இந்திய அரசாங்கமும் 2017–18-இல் நாற்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன எழுபத்தீராயிரத்துக்கு மேற்பட்டோரை வீடுதோறும் விசாரிக்கச் செய்தது. லாஸி எனப்படும் அவ்விசாரணையின் முடிவுகள் 2021 ஜனவரியில் வெளிவந்தன. அறுபது கடந்தோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர், உடுத்தல், நீராடல், உண்ணல், படுக்கையினின்று எழுதல் போன்ற அன்றாடச் செயல்களுள் ஒன்றையேனும் இடரின்றிச் செய்யமாட்டாதவர் என்று அறிகின்றோம். 2018 செப்டம்பரில் தொடங்கிய பிரதம மந்திரியின் காப்பீட்டுத் திட்டமோ, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரையில் வைத்தியசாலைச் செலவை ஏற்கும். வைத்தியசாலையினின்று வெளிவந்தபின் பதினைந்து நாட்செலவும் ஏற்கும். 2024 அக்டோபரில் எழுபது வயதானோர் யாவர்க்கும், செல்வர் வறியர் என்னும் வேறுபாடின்றி, அது விரிக்கப்பட்டது. மகிழத்தக்கதே. அங்கே நூறு நாள். இங்கே பதினைந்து நாள். தமிழ்நாட்டரசாங்கத்தார் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, மருந்தையும் உடற்பயிற்சி மருத்துவரையும் இல்லத்துக்கே அனுப்புகின்றது. அது உழைச்செல்வானின் வீட்டுவாசல் வரையில் வந்துவிட்டது. அவனுக்கென்று, உண்மையைச் சொல்லின் அவளுக்கென்று, ஒன்றும் கொண்டுவரவில்லை.

அவள் செலவிடும் நாழிகைகள் அரசாங்கத்துக்குத் தெரியாதனவல்ல. 1998–99-இல் ஆறு மாகாணங்களில் மக்கள் தம் பொழுதை எவ்வாறு கழிக்கின்றனர் என்று கணக்கெடுத்தபோது தமிழ்நாடும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. 2019-இல் அக்கணக்கு நாடு முழுதும் எடுக்கப்பட்டது. பொழுதின் கணக்கு ஓர் இலாகாவில் இருக்கின்றது; முதியோரின் தளர்ச்சிக் கணக்கு மற்றோர் இலாகாவில்; காப்பீட்டின் கணக்கு மூன்றாவதில். மூன்றையும் ஒருங்குவைத்துப் படிப்பதற்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. தொடக்கமாக ஒன்று செய்யலாம். காப்பீட்டில் மருத்துவம் பெற்ற முதியவரை வைத்தியசாலையினின்று அனுப்புங்கால் எழுதிக் கொடுக்கும் சீட்டில், நோயின் பெயருக்கும் மருந்துகளின் பெயருக்கும் கீழே இரண்டு வரி சேர்க்கலாம்: இவரை இனி அருகிருந்து பேணுபவர் யார்? அதன்பொருட்டு அவர் நாளொன்றுக்கு விடும் கூலி எவ்வளவு?