குழந்தை பிறந்த வாரத்திலேயே புறப்படுவோம்

உதடும் மேலண்ணமும் பிளந்து ஒரு குழந்தை பிறந்தால், நமது கிராமங்களில் முதலில் எழும் கேள்வி, "கிரகணத்தன்று தாய் வெளியே போனாளா?" என்பதே. அடுத்தது, "யார் செய்த பாவம்?" பிறவியிலேயே பார்வையற்றிருந்த மனிதரைக் கண்ட சீடர்களும் இயேசுவிடம் இதையே கேட்டார்கள். அவர் அந்தக் கேள்வியை ஏற்கவில்லை. நாமும் ஏற்கலாகாது. உலகில் ஏறக்குறைய 700 குழந்தைகளுக்கு ஒன்று உதட்டிலோ அண்ணத்திலோ பிளவுடன் பிறக்கிறது. கருவின் முதல் மூன்று மாதங்களில் முகத்தின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தாமற் போவதால் வருவது இது. கிரகணத்தால் அல்ல, தாயின் குற்றத்தாலும் அல்ல.

இந்த வீண் விசாரணையில் பெறுமதியான வாரங்கள் கழிந்து போகின்றன என்பதே நமது கவலை.

பிளவு உதட்டோடு நிற்பதில்லை; மூக்கையும் கோணலாக்குகிறது. நாசித்துவாரம் அகன்று தட்டையாகிறது. ஆனால் பிறந்த முதல் வாரங்களில் மூக்கின் குருத்தெலும்பு இளக்கமாக இருக்கும், பின்னர் இறுகிவிடும். பந்தலில் கொடி ஏற்றும் விவசாயிக்கு இதை விளக்கத் தேவையில்லை. இளங்கொடி திருப்பிய பக்கம் போகும். முற்றிய தண்டு முறியும்.

இந்த இளக்கத்தைப் பயன்படுத்தும் முறையொன்றை நியூயோர்க்கில் வைத்தியர் பரி கிரேசனும் குழுவினரும் 1993 இல் வெளியிட்டனர். குழந்தையின் வாயில் அச்செடுத்து, அண்ணத்திற்கு ஒரு பிளாஸ்ரிக் தகடு செய்வார்கள். அது பிளந்த முரசை மெல்ல நெருங்கச் செய்யும். பிறகு தகட்டில் பொருத்திய சிறு தண்டு மூக்கினுள் நின்று துவாரத்தை உயர்த்தும். வாரந்தோறும் தகட்டைச் சரிசெய்ய வேண்டும். சில மாதங்களில் உதட்டுக்குச் சத்திர சிகிச்சை செய்யும்போது வைத்தியரின் வேலை இலகுவாகிறது.

இது எல்லா வைத்தியசாலையிலும் கிடைப்பதில்லை. இதன் நீண்டகாலப் பயன் பற்றி வைத்தியர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. ஆகவே தகடு கிடைக்கவில்லை என்று சத்திர சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. உதட்டை ஏறக்குறைய மூன்றாம் மாதத்திலும், அண்ணத்தைப் பேச்சு வருமுன், ஒன்பது முதல் பதினெட்டு மாதங்களுக்குள்ளும் மூடுவதே வழக்கம். பிந்தினால் என்ன நேரும் என்பதை நமது நாடே உலகுக்குக் காட்டியது. 1984 இல் இங்கிலாந்து வைத்தியர் மைக்கேல் மார்ஸ் குழுவினர் இலங்கையில் தொடங்கிய திட்டத்தில், வளர்ந்த பின்னர் அண்ணம் மூடப்பட்ட பலருக்குப் பேச்சுத் திருந்தவில்லை.

அதுவரை குழந்தைக்குப் பால் வேண்டும். அண்ணம் பிளந்த குழந்தையால் உறிஞ்ச முடியாது. தாய்ப்பாலைப் பீச்சி எடுத்து, பிள்ளையை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாகக் கரண்டியால் கொடுங்கள். வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதிடம் பிள்ளையை மறைக்காமல் காட்டி, உடனே வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள்.

சொந்த நிலத்தை விட்டு வந்து கூலிக்குப் போகும் குடும்பத்திற்கு, வாரத்தில் ஒரு நாள் வைத்தியசாலை என்றால் ஒரு நாள் உலை கொதிக்காது. அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான், பஸ் இலவசமல்ல. இங்கேதான் நமது பங்கு. மாதர் சங்கமும் சேமிப்புக் குழுவும் பஸ் காசைப் பகிரட்டும். அயலார் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். அக்குழந்தைக்காகச் செபிப்போம், செபித்துவிட்டு, தாயோடு பஸ் ஏறுவோம்.