வீட்டுக்குள் ஒரு வெயில்

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் காட்டில் வளர்ந்தவன் நான். காலையில் வேலிக்கம்பின் உச்சியில் ஓணான் ஏறி உட்கார்ந்திருக்கும். தலையைத் தூக்கி, உடம்பை வெயிலுக்குக் கொடுத்து, அசையாமல் இருக்கும். நாங்கள் கல்லைத் தேடுவோம். அது ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எங்களில் ஒருவனும் கேட்டதில்லை. அதற்குப் பதில் பல வருஷம் கழித்து, சிட்னியில் ஒரு கால்நடை மருத்துவர் காட்டிய எக்ஸ்ரே படத்தில்தான் எனக்குக் கிடைத்தது.

மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு பியர்டட் டிராகன் குட்டியை வாங்கினோம். ஆஸ்திரேலியாவின் உள்பகுதியில், வறண்ட நிலங்களில் வாழும் பிராணி அது. நியூ சவுத் வேல்ஸில் அதை வளர்க்க அரசின் உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வரக் கூடாது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்ததும், "இதென்னடா, தாடி வச்ச ஓணானால்லா இருக்கு!" என்றாள். அம்மா சொன்னது சரி. இரண்டும் அகாமிடே என்ற ஒரே குடும்பம்.

கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்தோம். காலை வெயில் நேராக விழுந்தது. சூட்டுக்குக் கடையில் கொடுத்த பல்பு ஒன்று இருந்தது. வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். மூன்று மாதத்தில் குட்டியின் பின்னங்கால்கள் நடுங்க ஆரம்பித்தன. வெட்டுக்கிளியைக் கவ்வினால் மெல்ல முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்புகள் புகை போலத் தெரிந்தன. கால்சியம் இல்லாமல் எலும்பு மென்மையாகிக்கொண்டிருக்கிறது என்றார் மருத்துவர். தீனியில் நாங்கள் கால்சியப் பொடி தூவித்தான் கொடுத்தோம். ஆனால் அதை உடம்பு எடுத்துக்கொள்ள டி3 வைட்டமின் வேண்டும். அந்த வைட்டமினுக்குப் புற ஊதா பி கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும். அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுக்கத் தடுத்துவிடும். வெயிலில் வைத்ததாக நாங்கள் நம்பிய குட்டி, மூன்று மாதம் வெயிலே இல்லாமல் இருந்திருக்கிறது. இதோடு, கண்ணாடித் தொட்டியில் நேர்வெயில் விழுந்தால் உள்ளே சூடு ஏறிப் பிராணி செத்தே போகலாம் என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

புற ஊதா கதிர் தோலில் பட்டதும் டி3 உருவாகிவிடுவதில்லை. முதலில் அதன் முன்வடிவம் ஒன்று உண்டாகிறது. உடம்புச் சூட்டில்தான் அது வைட்டமினாக மாறுகிறது. கதிர் தொடங்குவதைச் சூடு முடித்து வைக்கிறது. ஓணானுக்கோ சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். அதனால் கதிரும் சூடும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும்.

புற ஊதா விளக்கு வாங்கும்போது, சுருள் வடிவச் சின்ன பல்புகளை விட்டுவிடுங்கள். அவற்றின் கதிர் ஒரு சிறு இடத்தில்தான் விழும். நீளமான டி5 (T5) டியூப் லைட்டே நல்லது. புற ஊதா பி 10 முதல் 12 சதவீதம் என்று அதில் போட்டிருக்கும். தொட்டியின் நீளத்தில் பாதிக்குக் குறையாமல் அது இருக்கட்டும். பிராணி உட்காரும் இடத்துக்கும் விளக்குக்கும் எவ்வளவு தூரம் என்பதை, தயாரிப்பாளர் சொன்னபடி அளந்து வையுங்கள். நடுவில் கம்பிவலை வந்தால் கதிரின் கணிசமான பங்கு அங்கேயே நின்றுவிடும். வருஷத்துக்கு ஒருமுறை டியூபை மாற்றுங்கள். அது பளிச்சென்று எரிந்துகொண்டேதான் இருக்கும். கதிர் குறைந்துபோனது நம் கண்ணுக்குத் தெரியாது.

சூட்டுக்கு வெள்ளை வெளிச்சம் தரும் பல்பு, மேலிருந்து. கீழே வைக்கும் சூட்டுக்கல் வேண்டாம், வயிற்றைச் சுட்டுவிடும். உட்காரும் கல்லின் மேற்பரப்பில் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறுமுனையில் 25 டிகிரி போதும். கண்ணாடியில் ஒட்டும் வெப்பமானி கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டும். கல்லின் சூட்டை இன்ஃப்ராரெட் கருவியால் அளந்து பாருங்கள். வெளிச்சத்தை மங்கவைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றும் கட்டாயம் வேண்டும். ராத்திரி முழு இருட்டு வேண்டும். சிவப்பு பல்பும் கூடாது. வீடு மிகவும் குளிர்ந்தால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் இருக்கிறது.

தொட்டியில் மறுமுனை ஏன் முக்கியம் என்பதைப் போன வருஷம் ப்ரோக்கன் ஹில் என்ற ஊருக்குப் போகும் சாலையில் கண்ணால் பார்த்தேன். காலையில் வேலிக்கம்பத்தின் மேல் ஒரு டிராகன், சூட்டை இழுத்துக்கொள்ள உடம்பைக் கருக்கவைத்து, தட்டையாக விரித்துப் படுத்திருந்தது. வெயில் ஏறியதும் நிறம் வெளுத்தது. பிறகு வாயைத் திறந்து வைத்துக்கொண்டது. கடைசியில் இறங்கிப் புதர் நிழலுக்குள் போய்விட்டது. எவ்வளவு வெயில் போதும் என்று அதற்குத் தெரியும். வெயிலும் நிழலும் இரண்டும் இருந்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். பெரிய டிராகனுக்கு 120 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும் என்பது இதனால்தான். சின்னத் தொட்டியில் நிழலுக்குப் போக இடமிருக்காது.

எங்கள் டிராகன் பிழைத்துக்கொண்டது. கால் நடுக்கம் நின்றுவிட்டது. முதுகெலும்பில் விழுந்த வளைவு மட்டும் நிமிரவே இல்லை. இனி நிமிராது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் கேட்கிறார்கள் என்று இந்தப் பிராணியை வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் விளக்குகளை வாங்குங்கள். வெறும் தொட்டியில் ஒரு வாரம் எரியவிட்டு, இரண்டு முனையிலும் சூட்டை அளந்து எழுதி வையுங்கள். கணக்குச் சரியாக வந்த பிறகு குட்டியைக் கொண்டு வாருங்கள்.