ஆய்விடம் இரந்து பெறுவதன்று

“முனைவர் பட்டமெல்லாம் பணம் படைத்தோர் பிள்ளைகளுக்கு; நமக்கேன் அந்த ஆசை?” என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே இன்றும் உளர். பெற்றோர் கூறினால் அறியாமை எனலாம். ஆசிரியரும் அதனை வழிமொழிந்தால் என்னென்பது? கணிதத்தில் சிறந்து தேறிய மாணவன் கிடைத்த வேலைக்குள் ஒடுங்கிப் போவதற்கு நம் மௌனமும் ஒரு காரணம் என்பேன்.

கணிமை அறிவியலையே எடுத்துக்கொள்வோம். இயற்கை நிகழ்வுகளைச் சமன்பாடுகளாக்கி, கணினியின் துணையால் அவற்றைத் தீர்த்து உண்மை காணும் துறை அது. 1998இல் வால்டர் கோன், ஜான் போப்பிள் ஆகியோரும், 2013இல் கார்ப்பிளஸ், லெவிட், வார்ஷெல் ஆகியோரும் வேதியியலுக்கான நோபெல் பரிசு பெற்றது இத்துறையை வளர்த்த பணிகளுக்கே. விலையுயர்ந்த ஆய்வுக்கூடம் இல்லாமலே, கணித அறிவும் ஒரு கணினியும் கொண்டு இதிற் பயிற்சி தொடங்கலாம். எளிய குடும்பத்து மாணவனுக்கு இதனினும் ஏற்றது எது?

செலவுக்குப் பணம் எங்கே என்பர். பிழை இங்கேதான் இருக்கிறது. ஜெர்மனியில் முனைவர் ஆய்வு செய்வோர் பலர், பொதுத்துறை ஊதிய விகிதத்தின் 13ஆம் படியில், முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ ஊதியம் பெறும் பணியாளர்கள். பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் வேண்டும், செல்வம் வேண்டா. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்கொடோவ்ஸ்கா-கியூரி முனைவர் ஆய்வு இடங்களுக்கு எந்நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆய்வு செய்யப் புகும் நாட்டில், பணியிற் சேர்வதற்கு முந்திய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் வாழ்ந்திருக்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. அயலவனாயிருப்பது அங்கே தடையன்று! இவ்விடங்களும், முனைவர் பட்டத்திற்குப் பிந்திய ஆய்வுப் பணிகளும் ‘யூராக்செஸ்’ அறிவிப்புகளில் வெளிப்படையாகவே வருகின்றன. அருகிலுள்ள சிங்கப்பூரிலும், வெளிநாட்டு மாணவர்க்குரிய ‘சிங்கா’ விருது கல்விக் கட்டணத்தை ஏற்று மாதந்தோறும் உதவித்தொகையும் அளிக்கிறது.

எல்லா இடங்களும் அறிவிக்கப்படுவதில்லை. சில, அறிமுகத்தால் நிரம்பிவிடுகின்றன. அது அநீதியே. ஆயினும் அறிமுகமற்றவனுக்கும் ஒரு வழி உண்டு. ஒரே மடலை நூறு பேராசிரியர்க்கு அனுப்புவது வீண். ஒருவருடைய கட்டுரையை ஊன்றிப் படித்து, அதிலெழுந்த வினாவொன்றையும், தானே எழுதி இயக்கிய நிரலொன்றையும் முன்வைத்து ஒரு பக்கம் எழுதட்டும். அம்மடலே அவனுக்கு அறிமுகமாகும். பட்டம் கைக்கு வந்தபின் தேடுவது காலங்கடந்த முயற்சி. இறுதியாண்டின் தொடக்கத்திலேயே தேடல் தொடங்கவேண்டும்.

“நான் தமிழாசிரியன், எனக்கும் கணினிக்கும் என்ன உறவு?” என்று கேட்கலாம். கணிமை கற்பிக்க உங்களை யாரும் அழைக்கவில்லை. ஆய்வில் ஈடுபட்டுள்ள முன்னாள் மாணவரை அழைத்து வகுப்பில் நிறுத்துங்கள். அவர் வந்த வழியை இளையோர் கேட்கட்டும். கருத்தைத் தெளிவாகச் சுருக்கி எழுதப் பழக்குங்கள். அது நம் தொழிலேயன்றோ?

விண்ணப்பித்த மாணவனுக்கு இடமில்லை என்று மறுமொழி வரலாம், அதில் இழிவில்லை. இடம் உண்டென்பதையே அவன் அறியாதிருந்தால், அந்தக் குற்றம் நம்முடையது.