கோடு மாறினால் கணக்கும் மாறும்

1981 குடிசன மதிப்பீட்டில் யாழ். மாவட்டச் சனத்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012 இல் 5 இலட்சத்து 84 ஆயிரம். இரண்டரை இலட்சம் பேர் குறைந்தனர் என எழுதுவோர், 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிந்ததை மறந்துவிடுகின்றனர். அதனையும் சேர்த்தால் குறைவு 1 இலட்சத்து 33 ஆயிரம். யுத்தம் தந்த உண்மையான இழப்பே பெரிது. அதற்குப் பொய்க்கணக்கு எதற்கு?

சுகாதாரத்திலும் இதே கதைதான். மரணம் பொதுவாக நிகழ்ந்த இடத்திலேயே பதியப்படுகின்றது. கிளிநொச்சி நோயாளி யாழ்ப்பாண வைத்தியசாலையில் இறந்தால், ஆள் கிளிநொச்சிக் கணக்கில். மரணம் யாழ்ப்பாணக் கணக்கில். வைத்திய வசதி குறைந்த மாவட்டமே ஆரோக்கியமானதாகத் தோற்றமளிக்கும். அதைக் காட்டியே கட்டில்களையும் வைத்தியர்களையும் மறுக்கலாம். எல்லையைப் பிரிப்போர் பழைய புள்ளிவிபரங்களையும் பிரித்து வெளியிடட்டும்; மரணங்களை வதிவிடப்படி எண்ணட்டும்.