பொடியின் வேலையா, பாசத்தின் பார்வையா?

திண்டிவனத்திலுள்ள என் அக்காள் மகனுக்கு வயது நான்கு. பேச்சு வரவில்லை; கூப்பிட்டால் திரும்புவதில்லை. வயிறு சரியானால் பிள்ளை சரியாவான் என்று யாரோ சொல்ல, இயற்கையானது என்று எழுதிய செரிமான நொதிப் பொடி டப்பா ஒன்றை வாங்கினாள். விலை, மாமாவின் இரண்டு நாள் கூலி. ஒரு வாரம் சென்றது. "அடம் குறைஞ்சிருக்குடா தம்பி. நீ படிச்சவனாச்சே, பொடிதானே காரணம்?" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விழுப்புரத்தில் விலங்கியல் படிக்கிறேன். என்ன சொல்வேன்?

நொதிகள் மாவுப்பொருளையும் புரதத்தையும் கொழுப்பையும் சிதைப்பவை. அவை சுரக்காத குழந்தைக்கு அவை மருந்தே. வயிற்றுவலி நீங்கினால் அடமும் குறையலாம். ஆனால், பேச்சு வருமா?

கணையத்தைத் தூண்டும் செக்ரிட்டின் ஹார்மோன் ஆட்டிசக் குழந்தைகளை மாற்றுகிறதென்று 1998இல் அமெரிக்காவில் பெரும் பரபரப்பு. 1999இல் வெளிவந்த ஆய்வில் ஒரு பிரிவினருக்குச் செக்ரிட்டின் ஊசி; மறுபிரிவினருக்கு வெறும் உப்புநீர் ஊசி. இரு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது! குழந்தை தானே வளர்கிறது. ஏங்கும் கண்களோ மாற்றத்தைத் தேடிக் காண்கின்றன.

இயற்கை என்ற சொல்லும் உத்தரவாதமன்று. நாம் குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பை உணவில் சேர்க்க அமெரிக்கா 1968இல் தடை விதித்தது.

நண்பர்களே, அக்காளை நான் பழிக்கவில்லை. பணம் போனால் சம்பாதிக்கலாம். பேச்சுப் பயிற்சிக்குரிய இளம்பருவம் போனால் வருமா? திங்களன்று மூவரும் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குச் செல்கிறோம். படித்தவன் கடன், தீர்ப்புச் சொல்வதன்று, துணைக்குப் போவது.