பேதிக்குப் பட்டினி மருந்தல்ல

குழந்தைக்குப் பேதி என்றால் நம் வீடுகளில் முதலில் எழும் குரல், "வயிற்றைக் காயப்போடு" என்பதே. தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று டம்ளரைப் பிடுங்கி வைப்பவர்களும் உண்டு. சித்தூரில் ஆனாலும் திருப்பதியில் ஆனாலும் நமது தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பழக்கம் விட்டபாடில்லை. குழந்தையின் உயிருக்கு ஆபத்து பேதியைவிட, அதனால் உடலில் நீரும் உப்பும் வற்றிப்போவதே. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுத்த பாட்டிமார்கள் கெட்டிக்காரர்கள். பட்டினி போட்டவர்களைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

1971-ல் வங்க எல்லையில் பன்காவ் என்ற ஊரில் அகதிகள் காலராவால் மடிந்துகொண்டிருந்தார்கள். ஊசி வழி ஏற்றும் சலைன் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்துக் குடிக்கச் செய்தார். ஊட்டியவர்களில் பலர் நோயாளிகளின் உறவினர்களே! நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. முகாமில் முடிந்தது நம் அடுக்களையில் முடியாதா?

முடியும், ஆனால் அளவு முக்கியம். 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரே டம்ளரில் கரைப்பதைப் பார்த்திருக்கிறேன். கெட்டியாக இருந்தால் சத்து என்று எண்ணம்! உப்பு மிகுந்து குழந்தைக்கு அதுவே ஆபத்து. பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவு நீரை, காய்ச்சி ஆறவைத்து, முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குமேல் வைக்கக் கூடாது. பொட்டலம் கிடைக்காத நேரத்தில் 1 லிட்டர் நீருக்குத் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மீண்டும் சிறுகச் சிறுக ஊட்டலாம். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தக் கூடாது. டாக்டர் ஜிங்க் மாத்திரை எழுதினால், பேதி நின்ற பின்னும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும். பேதியை உடனே 'கட்டும்' மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைக்குக் கொடுப்பது கூடவே கூடாது.

இன்னொன்று. மருந்துக் கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை மிகுந்த பழரச பானங்கள் வெகுகாலம் விற்கப்பட்டன. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடிய பிறகே, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்பெயரைத் தடுத்தது. சர்க்கரை மிகுந்தால் பேதி கூடும். ஆகவே, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி செய்தது என்று அச்சிட்ட பொட்டலத்தையே கேட்டு வாங்குங்கள்.

அந்த அச்சு ஆங்கிலத்தில் இருக்கிறது. சுவரில் ஒட்டும் அறிவிப்போ தெலுங்கில். குழந்தையைக் கவனிக்கும் நம் பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். கரைக்கும் முறையை ஒரு பக்கத் தமிழ்த் தாளாக நமது சங்கம் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாமே. பொங்கல் விழா அழைப்பிதழோடு சேர்த்தால் தபால் செலவும் இல்லை.

கண் குழிவிழுந்தாலோ, குழந்தை துவண்டு குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ கைவைத்தியம் போதாது. வேலூருக்குப் பஸ் ஏறலாமா என்று யோசிக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். விழுங்க முடிந்தால், வழியெல்லாம் கரைசலை ஊட்டிக்கொண்டே போகலாம்.