பேய் மேல் போட்ட பழி

ராஜஸ்தான் மாநிலம் ஆல்வார் மாவட்டத்தில் பான்கட் என்றொரு பாழடைந்த கோட்டை இருக்கிறது. அதன் வாசலில் இந்தியத் தொல்லியல் துறை வைத்திருக்கும் பலகை, கோட்டையைவிடப் புகழ்பெற்றது. சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் உள்ளே போகக் கூடாது என்கிறது அது. பேய் உலவும் இடங்களைத் தேடிப் போகிறவர்களுக்காக எழுதப்படும் பயணக் கையேடுகளில் பான்கட் இடம்பெறாத கையேடு அரிது. அந்தப் பலகையைக் காட்டாத பான்கட் கதை அதைவிட அரிது. பேய் இருப்பதை அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டதாம். 1959ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள் பற்றிய விதிகளைப் புரட்டினால் விஷயம் சப்பென்று ஆகிவிடும். தனியாக நேரம் குறிக்கப்படாத பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் எல்லாம் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் திறந்திருக்கும் என்பது நாடு முழுமைக்கும் பொதுவான விதி. நம் சித்தன்னவாசலிலும்தான் இருட்டிய பிறகு யாரையும் விடுவதில்லை. அதற்காக அங்கே சமண முனிவர்கள் ஆவியாக அலைகிறார்கள் என்று யாராவது எழுதினால் சிரிப்போம். பான்கட்டோ சரிஸ்கா புலிகள் காப்பகத்தின் ஓரத்தில், மலையடிவாரத்தில் கிடக்கும் இடிபாடு. ராத்திரியில் அங்கே பயப்படுவதற்குப் பேய் எதற்கு, ஒரு சிறுத்தை போதாதா?

பேய்க் கையேடு புதிய சரக்கல்ல. இங்கிலாந்தில் பீட்டர் அண்டர்வுட் 1971இலேயே பிரிட்டிஷ் பேய்களுக்கு ஊர் ஊராக ஒரு அகராதி போட்டுவிட்டார். அதற்கும் முன்னால், 1940இல், ஹாரி பிரைஸ் என்பவர் எசெக்ஸ் பகுதியில் இருந்த போர்லி பாதிரியார் இல்லத்தை இங்கிலாந்திலேயே பேய் அதிகம் உலவும் வீடாக்கிப் புத்தகம் எழுதினார். 1956இல் மூன்று ஆய்வாளர்கள் சேர்ந்து அவர் காட்டிய சான்றுகளைப் பிரித்துப் போட்டு இன்னொரு புத்தகம் எழுதினார்கள். வீடு 1939இல் எரிந்து, 1944இல் இடித்துத் தள்ளப்பட்டது. வீடு போனாலும் பெயர் போகவில்லை. பேய் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்குள் நான் நுழையவில்லை, நம்புகிறவர் நம்பட்டும். என் குறை வேறு. ஓர் ஊர் ஏன் பாழானது, ஒருவர் எப்படிச் செத்தார் என்று கேட்டால் பெரும்பாலும் இந்த உலகத்துக் காரணமே கிடைக்கும்: வரி, பஞ்சம், கொள்ளைநோய், கையாலாகாத நிர்வாகம். கையேடு அந்த இடத்தில் சாபத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. சாபம் வந்து உட்கார்ந்ததும் பொறுப்பாளி பின்வாசல் வழியாகப் போய்விடுகிறார். அந்த நூல்களின் மொழியே இதைக் காட்டிக்கொடுக்கும். நம்பப்படுகிறது, சொல்லப்படுகிறது, கேட்டதாகக் கூறுகிறார்கள் என்று வரிக்கு வரி எழுவாய் காணாமல் போயிருக்கும். யார் சொன்னது என்று தேடிப்போனால் முந்தைய கையேடு. அதை யார் சொன்னது என்றால் அதற்கும் முந்தையது.

பொறுப்பாளியைச் சாபம் மறைப்பதற்குக் குல்தரா நல்ல உதாரணம். ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி, கூரையில்லாத கல்வீடுகள் வரிசையாக நிற்கும் பாலைவனக் கிராமம் அது. பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்த ஊர். ஜெய்சல்மேர் திவான் சலீம் சிங் ஊர்த்தலைவரின் மகள்மேல் கண்வைத்தான் என்றும், மானத்துக்கு அஞ்சி 84 கிராமத்தாரும் ஒரே இரவில் வீடுவாசலை விட்டுக் கிளம்பினார்கள் என்றும், இனி இங்கே எவரும் குடியிருக்க முடியாது என்று சாபமிட்டுப் போனார்கள் என்றும் கதை. ஆவணம் சொல்வது இத்தனை வேகமாக இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் டாட் குறித்துவைத்த கணக்குப்படி அங்கே 200 வீடுகளில் 800 பேர் இருந்தார்கள். 1890இல் 37 பேர். ஒரே ராத்திரியில் காலியான, சாபம் பட்ட ஊரில் இந்த 37 பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருக்கிறது. தாங்க முடியாத வரியும் தண்ணீர்த் தட்டுப்பாடும் காரணம் என்கிறார்கள் வரலாற்றாளர்கள். சுவர்கள் சரிந்து கிடக்கும் விதத்தை வைத்து நிலநடுக்கமாகவும் இருக்கலாம் என்று 2017இல் ஓர் ஆய்வுக்கட்டுரை வந்தது. இதில் எது எவ்வளவு என்ற விவாதம் நடக்கட்டும். கவனிக்க வேண்டியது சலீம் சிங்குக்கு நேர்ந்த மாற்றம். வரலாற்றில் அவன் குடியானவரைக் கசக்கிப் பிழிந்த அதிகாரி. கதையில் பெண்பித்தன். பெண்பித்தன் என்றால் ஒருவனின் குணக்கேட்டோடு முடிந்துவிடும். வரி என்று பேச்செடுத்தால் சமஸ்தானத்தின் ஆட்சியையே இழுக்க வேண்டிவரும்.

நமக்குப் பக்கத்திலேயே தனுஷ்கோடி இருக்கிறது. ஆள் ஒழிந்த ஊருக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஒரு மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து அதைப் பேய் நகரம் ஆக்கினார்கள். பெயரில் பேய் வந்த பிறகு கதையில் வர எவ்வளவு நேரம்? பாழூர் என்ற நல்ல தமிழ்ச் சொல் ஏனோ யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. 1914இல் பாம்பன் பாலம் திறந்தபின், ரயிலில் வந்து இறங்கி, கப்பலேறித் தலைமன்னாருக்குப் போகிற வாசலாக இருந்த ஊர் அது. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்தன. 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டிப் பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் கிடைக்காமல் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது. புயலோடு எழுந்த பேரலை வண்டியை அப்படியே கொண்டுபோயிற்று. கணக்கில் வந்தவர்கள் 115 பேர். சீட்டில்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் கூடும் என்பார்கள். அந்தப் புயலில் மொத்தம் இறந்தவர்கள் சுமார் 1,800 பேர் என்று மதிப்பிடப்பட்டது. ஊர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சரிசெய்து ராமேசுவரத்துக்கு ரயில் விட்ட ரயில்வே, தனுஷ்கோடிக்கு மறுபடி தண்டவாளம் போடவே இல்லை. புயல் எச்சரிக்கை அந்தக் கடைசி மண்திட்டு வரை போய்ச் சேர்ந்ததா, அந்த வேளையில் வண்டியை விட்டது யார் முடிவு, பிழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று ஒரு பயணி கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ. கையேடு அவனிடம் அலறல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்கிறது. இன்னொரு பொய்யும் உண்டு: அங்கே யாரும் வசிப்பதில்லை என்பது. பவளக்கல்லால் கட்டிய தேவாலயத்தின் மொட்டைச் சுவர்களுக்குப் பக்கத்திலேயே மீனவர் குடிசைகள் இருக்கின்றன. மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்து, ஊறி வரும் நல்ல தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் முகந்து குடம் நிரப்பி வாழ்ந்துவந்த பெண்களின் ஊர் அது. இருபுறமும் கடல் நிற்கும் மணலில் நன்னீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துவைத்திருப்பது எந்தப் பேய்க் கதைக்கும் குறைந்த அதிசயமல்ல.

அமெரிக்காவில் இதே வேலை இன்னும் பச்சையாக நடக்கிறது. லூசியானா மாநிலத்தின் மர்ட்டில்ஸ் தோட்ட மாளிகையில் க்ளோயி என்ற அடிமைப் பெண்ணின் ஆவி உலவுகிறதாம். எஜமானன் அவள் காதை அறுத்தான், அவள் அரளியிலையைக் காய்ச்சிக் கேக்கில் கலந்து எஜமானியையும் குழந்தைகளையும் கொன்றாள் என்று கதை. க்ளோயி என்ற பெயரில் அந்தக் குடும்பத்துக்கு ஓர் அடிமை இருந்ததற்கே ஆவணம் இல்லை. தாயும் இரண்டு குழந்தைகளும் 1823, 1824 ஆண்டுகளில் மஞ்சள் காய்ச்சலில் போனவர்கள். வரலாற்றாசிரியர் டியா மைல்ஸ் 2015இல் இந்தப் பேய்ச் சுற்றுலாவைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். அந்தத் தோட்டங்களில் நிஜமாக உழைத்துச் செத்தவர்களின் பெயர் விருந்தினருக்குத் தெரியாது. இல்லாத ஒருத்தியின் பெயர் தெரியும், அதுவும் கொலைகாரியாக.

இதெல்லாம் விளையாட்டுக்குப் படிப்பது, இதில் போய் வரலாற்றைத் தேடுவானேன் என்று ஒருவர் கேட்கலாம். பொய்க்கதை என்று அட்டையில் போட்டு விற்றால் எனக்கும் மறுப்பில்லை. கையேடு அப்படி விற்கப்படுவதில்லை. வழி, தூரம், தங்குமிடம் எல்லாம் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, அதே நம்பகமான குரலில்தான் சாபத்தையும் சொல்கிறது. இன்னொரு வாதம் கனமானது. பேய்க் கதைகள்தாம் எளியவர்களின் வரலாறு, ஆவணத்தில் இடம் கிடைக்காதவர்கள் ஆவியாகவாவது நினைக்கப்படுகிறார்கள் என்பது அது. இதை நான் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். நம் நாட்டார் மரபே அப்படித்தான். அநியாயமாகச் செத்தவர்களுக்குக் கல் நட்டோம், கொடை கொடுத்தோம், வில்லுப்பாட்டில் பாடினோம். ஆனால் அந்தக் கதைகள் எதையும் மழுப்பவில்லை. மதுரை வீரனை மாறுகால் மாறுகை வாங்கச் சொன்ன அரசன் யாரென்று கதை சொல்கிறது. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் உண்டு. ஏழு பிள்ளைகளோடு அவள் கிணற்றில் விழுந்ததற்குப் பஞ்சமும், கதவைச் சாத்திய அண்ணி மூளி அலங்காரியும் காரணம் என்று கேட்டவர் எவரும் சொல்வார். கொன்றவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மரபு அது. கையேடு அதிலிருந்து மயிர்க்கூச்செறிவதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு வழக்கைத் தள்ளுபடி செய்துவிடுகிறது.

உள்ளூர்க்காரர்களுக்கு நாலு காசு கிடைக்கிறதே என்பது மூன்றாவது சமாதானம். 2017இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு தனுஷ்கோடிக்குக் கூட்டம் பெருகியது உண்மை. வந்தவர்கள் கடலையும் இடிபாட்டையும் பார்க்கிறார்கள், வறுத்த மீன் தின்கிறார்கள், சங்கும் சோழியும் வாங்குகிறார்கள். இதற்கெல்லாம் பட்டப்பகல் போதும். நடு ராத்திரியில் கேமராவோடு திரியும் பேய் வேட்டைக்காரனுக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

பதிப்பாளர்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வோர் இடத்துக்கும் கதையோடு கூட நான்கு வரி சேருங்கள்: இங்கே இறந்தவர்கள் யார், எந்த ஆண்டு, எதனால், இப்போது வசிப்பவர்கள் யார். கதை முதலில் எங்கே அச்சேறியது என்று தெரிந்தால் அதையும் போடுங்கள். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடையில் அப்படியொரு கையேடு கையில் கிடைத்தால் தனுஷ்கோடிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 653 என்ற எண் அதில் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.